இக்தியோசார்கள்: மீனின் உருவம், நிலத்து விலங்கின் எலும்பு

டைனோசார்களின் காலத்தில் கடலில் வாழ்ந்து அழிந்துபோன ஊர்வன இக்தியோசார்கள். அவை கடலில் வாழ்ந்த டைனோசார்களா, சுறாவையும் டால்பினையும் அவ்வளவு ஒத்திருக்கும் அவற்றின் உருவம் ஏதேனும் உறவைக் காட்டுகிறதா, அவை நிலத்தில் நடந்த ஊர்வனவற்றின் வழிவந்தவை என்று ஆய்வாளர்கள் உறுதியாகச் சொல்வதற்கு எலும்புகளில் என்ன சான்று இருக்கிறது என்ற மூன்று கேள்விகள் இங்கே ஒன்றாகக் கேட்கப்பட்டிருக்கின்றன. முதல் இரண்டுக்கும் விடை "இல்லை" என்பதுதான். மூன்றாவது கேள்விக்குத்தான் நின்று நிதானமாக விடை சொல்ல வேண்டும்; ஏனெனில் இந்த விலங்கின் வெளித்தோற்றம் ஒரு கதையைச் சொல்ல, உள்ளே இருக்கும் எலும்புக்கூடு முற்றிலும் வேறொரு கதையைச் சொல்கிறது.

டைனோசார் என்பது பழங்காலத்துப் பெரிய ஊர்வனவற்றுக்கெல்லாம் பொதுப்பெயர் அன்று. கால்கள் உடலுக்கு நேர்கீழே தூண்களைப் போல ஊன்றி நிற்கும்படியான இடுப்பு அமைப்பைப் பெற்ற, ஒரே மூதாதையிடமிருந்து கிளைத்த ஒரு குறிப்பிட்ட குலத்தின் பெயர் அது. முதலைகள் அதன் உறவினர்கள். பறவைகள் அதன் வழித்தோன்றல்கள். இக்தியோசார்கள் இந்தக் குலத்தைச் சேர்ந்தவை அல்ல. நீண்ட கழுத்துடைய பிளீசியோசார்களும், டைனோசார் யுகத்தின் கடைசிக் கட்டமான கிரெட்டேசியஸ் காலத்தின் பிற்பகுதியில் கடலை ஆண்ட மோசசார்களும் கூட இதைச் சேர்ந்தவை அல்ல. இந்த மூன்றும் தமக்குள்ளும் நெருங்கிய உறவினர்கள் அல்ல என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். மோசசார்கள் இன்றைய பல்லிகளும் பாம்புகளும் அடங்கிய குலத்திலிருந்து கடலுக்குள் இறங்கியவை. பிளீசியோசார்கள் சாரோப்டெரிஜியா என்ற தனிக் குலத்தின் கடைசிப் பெருங்கிளை. இக்தியோசார்களின் வேர் இவ்விரண்டிலிருந்தும் விலகி, ஊர்வனவற்றின் மரத்தில் இன்னும் கீழே எங்கோ கிளைத்தது. அந்தக் கிளை சரியாக எந்த இடத்தில் பிரிந்தது என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. கண்ணுக்குப் பின்னால் இரண்டு திறப்புகள் கொண்ட மண்டையோட்டை உடைய மூதாதைகளிடமிருந்து வந்து, கீழ்த்திறப்பை இழந்து மேல்திறப்பை மட்டும் வைத்துக்கொண்டவை என்பதில் பெரும்பாலோர் உடன்படுகின்றனர்.

இந்த விலங்கை வகைப்படுத்துவது தொடக்கத்திலிருந்தே எளிதாக இருந்ததில்லை. இங்கிலாந்தின் டோர்செட் கடற்கரையில் உள்ள லைம் ரீஜிஸ் என்ற ஊரில், 1811ஆம் ஆண்டில் ஜோசப் அன்னிங் ஒரு பெரிய மண்டையோட்டைக் கண்டெடுத்தார். அதற்குரிய உடலின் எலும்புகளை மறு ஆண்டு அவருடைய தங்கை மேரி அன்னிங் கண்டுபிடித்தார். அப்போது அவருக்கு வயது 12 அல்லது 13. 1814இல் அதைப் பற்றி எழுதத் தொடங்கிய எவரார்ட் ஹோம் என்ற அறுவை மருத்துவர், முதலையா, மீனா, சாலமாண்டரின் உறவா என்று அடுத்த சில ஆண்டுகள் தம் கருத்தை மாற்றிக்கொண்டே இருந்தார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய சார்லஸ் கோனிக் 1817இல் சூட்டிய "இக்தியோசாரஸ்" என்ற பெயருக்கு "மீன்பல்லி" என்று பொருள். அந்தப் பெயரே அன்றைய குழப்பத்தின் நேர்மையான பதிவு என்று நான் கருதுகிறேன்: மீனின் முள்ளெலும்பும் பல்லியின் மண்டையோடும் ஒரே உடலில் இருந்தன. அந்த எலும்புகளைப் பாறையிலிருந்து பெயர்த்து, சுத்தம் செய்து, சரியாக அடுக்கிக் காட்டிய மேரி அன்னிங்கின் பெயர் அக்காலக் கட்டுரைகளில் பெரும்பாலும் இடம்பெறவில்லை என்பது இந்தத் துறையின் வரலாற்றில் ஆழ்ந்த வருத்தத்துக்குரிய செய்தி.

இனி எலும்புக்கூட்டுக்கு வருவோம். தலையிலிருந்து தொடங்கினால், முதலில் கவனிக்க வேண்டியது மூக்குத்துளை. இக்தியோசாரின் முகம் நீண்டு கூர்ந்திருந்தாலும், மூக்குத்துளை அதன் நுனியில் இல்லை. பின்னால், கண்குழிக்குச் சற்று முன்னே இருக்கிறது. தாடை நீண்டபோது மூக்குத்துளை கண்ணருகே தங்கிவிட்டது என்பதே இதன் பொருள். நீர்ப்பரப்புக்கு வந்து தலையின் மேற்பகுதியைச் சற்றே வெளியே நீட்டி மூச்சு வாங்கும் விலங்குக்கு இந்த அமைப்பு பொருத்தமானது. செவுள்களைத் தாங்கும் எலும்பு வளைவுகளோ செவுள் மூடியோ எந்த இக்தியோசாரிலும் கிடையாது. கீழ்த்தாடை, ஊர்வனவற்றுக்கே உரிய முறையில், பல எலும்புகள் ஒட்டி அமைந்தது. பாலூட்டிகளில் இருப்பதைப் போன்ற ஒற்றை எலும்பு அன்று. எனவே டால்பினோடு உறவு என்ற எண்ணத்தை இந்தத் தாடை ஒன்றே தள்ளிவிடும்.

நிலத்து மூதாதையின் கையெழுத்து மிகத் தெளிவாக இருக்கும் இடம் முன்துடுப்பு. மீனின் துடுப்பு மெல்லிய கதிர்களால் ஆனது. இக்தியோசாரின் துடுப்பைப் பிரித்துப் பார்த்தால், தோளில் பொருந்தும் ஒற்றை மேற்கை எலும்பு, அதற்கு அடுத்து இரண்டு முன்கை எலும்புகள், பிறகு மணிக்கட்டுச் சிற்றெலும்புகள், அவற்றுக்கு அப்பால் விரல்கள் என்று நம் கையில் இருக்கும் அதே வரிசை அப்படியே இருக்கிறது. நடு டிரையாசிக் (டைனோசார் யுகத்தின் முதல் கட்டம்) காலத்தைச் சேர்ந்த, சுவிட்சர்லாந்து இத்தாலி எல்லையில் உள்ள மோன்டே சான் ஜார்ஜோ மலைப்பாறைகளில் ஏராளமாகக் கிடைக்கும் மிக்சோசாரஸில் ஐந்து விரல்களை எண்ணிப் பார்க்கவே முடியும். காலம் செல்லச் செல்ல இந்தக் கை சுருங்கித் திரண்டது. முன்கை எலும்புகள் நீளத்தை இழந்து கட்டைகளாயின. பிறகு அவையும் மணிக்கட்டெலும்புகளும் விரலெலும்புகளும் வேறுபாடு தெரியாதபடி பல கோண ஓடுகளைப் போல ஒன்றோடொன்று நெருங்கிப் பொருந்தின. அதே வேளையில் எண்ணிக்கை பெருகியது. நம் விரலில் மூன்று எலும்புகள் இருக்கும் இடத்தில், கிரெட்டேசியஸ் காலத்துப் பிளாட்டிப்டெரிஜியஸில் ஒரே விரலில் இருபதுக்கும் மேற்பட்ட எலும்புகள் உண்டு. விரல் வரிசைகளும் பத்து வரை பெருகியிருக்கின்றன. திமிங்கிலங்களும் டால்பின்களும் விரலெலும்புகளின் எண்ணிக்கையைக் கூட்டியிருக்கின்றன. ஆனால் விரல்களையே கூட்டியதில்லை. நான்கு கால் விலங்குகளின் வரலாற்றில் கை என்ற உறுப்பு இந்த அளவுக்கு உருமாறிய இடம் வேறொன்று இல்லை என்றே சொல்வேன். அவ்வளவு மாறியும் மேற்கை எலும்பு ஒன்று, அதை அடுத்தவை இரண்டு என்ற தொடக்க வரிசை அழியவில்லை.

இடுப்பும் முதுகெலும்பும் இதே செய்தியை வேறு வகையில் சொல்கின்றன. நிலத்தில் உடலின் எடையைப் பின்னங்கால்கள் தாங்க வேண்டுமானால், இடுப்பெலும்பு முதுகெலும்போடு உறுதியாகப் பிணைந்திருக்க வேண்டும். பிற்கால இக்தியோசார்களில் இந்தப் பிணைப்பு முற்றிலும் அறுந்து, சிறுத்துப்போன இடுப்பெலும்புகள் தசைக்குள் மிதந்துகொண்டிருந்தன. பின்துடுப்புகள் முன்துடுப்புகளை விடச் சிறியவை. ஆனால் மறையவில்லை. முள்ளெலும்புகளைப் பொறுத்தவரை, ஜப்பானில் கிடைத்த தொடக்கக் கால உட்டாட்சுசாரஸில் அவை இன்னும் உருளை வடிவில், சற்று நீளமாகவே இருக்கின்றன; அந்த விலங்கு விலாங்கைப் போல உடல் முழுவதையும் நெளித்து நீந்தியிருக்க வேண்டும். டிரையாசிக்கை அடுத்து வந்த ஜுராசிக் காலத்து இக்தியோசாரின் முள்ளெலும்போ இருபுறமும் குழிந்த, தட்டையான வட்டு. அதன் உயரம் நீளத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு. இத்தகைய வட்டுகள் நெருக்கமாக அடுக்கப்பட்ட உடல் நெளிவதற்கு இடம் தராது. உந்துவிசை முழுவதும் வாலுக்குச் சென்றுவிட்டது.

அந்த வாலைப் புரிந்துகொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயின. தொடக்கத்தில் கிடைத்த எலும்புக்கூடுகளில் வால் முள்ளெலும்புகள் ஓரிடத்தில் திடீரெனக் கீழ்நோக்கி மடிந்திருந்தன. விலங்கு இறந்த பிறகு வால் முறிந்துவிட்டது என்றே பலரும் எண்ணினார்கள். வரைபடங்களில் அதை நிமிர்த்தியும் காட்டினார்கள். ஒரே இடத்தில் இத்தனை உடல்களின் வால் தற்செயலாக முறியுமா என்று 1838இல் உடற்கூற்று அறிஞர் ரிச்சர்ட் ஓவன் கேட்டார். அங்கே ஒரு வால்துடுப்பு இருந்திருக்க வேண்டும் என்றும் ஊகித்தார். ஆயினும் 1854இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் நிறுவிய சிலைகளில் இக்தியோசார்கள் நேரான வாலோடு கரையில் பாதி ஏறிக் கிடக்கின்றன. ஐயம் தீர்ந்தது 1890களில். ஜெர்மனியின் ஹோல்ஸ்மாடன் பகுதியில், சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் உயிர்க்காற்று (ஆக்சிஜன்) அற்ற கடலடியில் படிந்த கரும்பாறைக்குள், எலும்பைச் சுற்றித் தோலின் நிழலும் கரும்படலமாகப் பதிந்திருப்பதை பெர்ன்ஹார்ட் ஹாஃப் கவனித்தார். எலும்பை மட்டும் வேகமாகச் சுரண்டி எடுக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, அந்தப் படலத்தைச் சேதப்படுத்தாமல் அவர் வெளிக்கொணர்ந்தபோது, அதுவரை எவரும் எதிர்பாராத முழு உருவம் வெளிப்பட்டது. முதுகில் எலும்பே இல்லாத முக்கோணத் துடுப்பும், பிறை வடிவ வாலும் அதில் இருந்தன. முள்ளெலும்பு வரிசை வாலின் கீழ்மடலுக்குள் இறங்கிச் செல்கிறது; மேல்மடல் வெறும் தசையும் நாரும்தான். சுறாவில் இது நேர்மாறானது: அங்கே முதுகெலும்பு மேல்மடலுக்குள் ஏறுகிறது. வெளிக்கோடு ஒன்றாக இருந்தும் உட்கட்டுமானம் தலைகீழாக இருப்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

டால்பினோடு ஒப்பிடும்போதும் வாலே விடை சொல்கிறது. இக்தியோசாரின் வால் செங்குத்தானது, பக்கவாட்டில் அசைவது. டால்பினின் வால் கிடைமட்டமானது, மேலும் கீழும் அசைவது. பல்லி நடக்கும்போது அதன் உடல் இடமும் வலமுமாக நெளிகிறது. பாலூட்டி ஓடும்போது முதுகு மேலும் கீழுமாக வளைந்து நிமிர்கிறது. கடலுக்குள் இறங்கிய பிறகும் ஒவ்வொன்றும் தன் முன்னோரின் அசைவையே தொடர்ந்தது. உருவ ஒற்றுமைக்குக் காரணம் நீரின் இயல்பு. அடர்த்தி மிகுந்த நீரில் வேகமாக, நெடுந்தொலைவு நீந்த வேண்டிய பெரிய விலங்குக்கு முன்பகுதி பருத்துப் பின்பகுதி ஒடுங்கிய உடலும், விறைப்பான பிறைவாலும் ஆற்றலை மிச்சப்படுத்தும். சூரை மீன், வெள்ளைச் சுறா, டால்பின், இக்தியோசார் ஆகிய நான்கும் தனித்தனியே இந்த ஒரே வடிவத்துக்கு வந்து சேர்ந்தன. இதைத்தான் குவிப் பரிணாமம் என்கிறோம். உறவைக் கணிக்க வடிவத்தை நம்பக்கூடாது, எலும்புகளின் அமைப்பு வரிசையைத்தான் நம்ப வேண்டும் என்பதற்குக் காரணமும் இதுவே.

வடிவத்தோடு உடலியக்கமும் மாறியிருக்கிறது. பற்களில் உள்ள உயிர்க்காற்றின் ஓரகத் தனிமங்களை (ஐசோடோப்புகளை) அளந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வு, இக்தியோசார்களும் பிளீசியோசார்களும் ஏறக்குறைய 35 முதல் 39 பாகை செல்சியஸ் உடல்வெப்பத்தைத் தக்கவைத்திருந்தன என்று கணித்தது. 2018இல் யோஹன் லிண்ட்கிரெனும் அவருடைய குழுவினரும் ஹோல்ஸ்மாடன் பகுதியின் ஸ்டெனோப்டெரிஜியஸ் என்ற இக்தியோசார் ஒன்றின் தோலை நுணுகி ஆராய்ந்து, செதில் இல்லாத வழவழப்பான தோல், அதன்கீழ் வெப்பம் காக்கும் கொழுப்பு அடுக்கு, முதுகில் கருமையும் வயிற்றில் வெளிர்நிறமும் தரும் நிறமிச் செல்களின் பரவல் ஆகியவற்றைக் கண்டறிந்தனர். 18 கோடி ஆண்டுகள் பழைய ஊர்வன ஒன்றின் தோலடிக் கொழுப்பைப் பற்றிச் சான்றோடு பேச முடிகிறது என்பது ஒரு தலைமுறைக்கு முன் எவரும் நம்பியிராத செய்தி. 2025இல் அதே குழு, டெம்னோடோன்டோசாரஸ் என்ற இக்தியோசாரின் முன்துடுப்பு ஒன்றின் பின்விளிம்பு ரம்பம் போன்ற வெட்டுகளோடு, தனிவகைக் குருத்தெலும்புக் கம்பிகளால் தாங்கப்பட்டிருந்ததை விவரித்தது. நீரோட்ட ஓசையைக் குறைத்து இரையை அமைதியாக நெருங்க அது உதவியிருக்கலாம் என்பது அவர்களின் விளக்கம்.

டெம்னோடோன்டோசாரஸைப் பற்றிச் சொல்லும்போது கண்ணைக் குறிப்பிடாமல் விட முடியாது. அதன் கண்ணின் விட்டம் 25 செ.மீ.க்கும் அதிகம். நான்கு மீட்டர் நீளமே உடைய ஆஃப்தால்மோசாரஸுக்கு 22 செ.மீ. அளவுள்ள கண் இருந்தது. கண்ணின் மென்திசு அழிந்துவிட்டபோதும் இந்த அளவுகள் தெரிவதற்குக் காரணம், கண்ணின் வெண்படலத்துக்குள் இருந்து அதன் வடிவத்தைக் காத்த மெல்லிய எலும்புத் தகடுகளின் வளையம். இந்த வளையம் பறவைகளிலும் பல்லிகளிலும் இன்றும் உண்டு, பாலூட்டிகளில் கிடையாது. இவ்வளவு பெரிய கண் மங்கிய ஒளியில் இரைதேடுவதற்கானது என்பது ஏற்கத்தக்க முடிவு. ஆழத்தில் மூழ்கியதற்கு இன்னொரு தடயமும் உண்டு: ஆழத்திலிருந்து வேகமாக மேலேறும்போது இரத்தத்தில் காற்றுக்குமிழிகள் உருவாகி எலும்புக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைத் தடுப்பதால் விளையும் எலும்புச் சிதைவு, ஜுராசிக், கிரெட்டேசியஸ் கால இக்தியோசார்களின் மேற்கை, தொடை எலும்புகளின் தலைப்பகுதியில் காணப்படுகிறது.

நிலத்தோடு இருந்த கடைசிப் பிணைப்பு முட்டை. ஓட்டுமுட்டை நீரில் மூழ்கினால் கரு மூச்சின்றி இறந்துவிடும். ஆகவே முட்டையிடும் ஊர்வன கரைக்கு வந்தே ஆக வேண்டும். இக்தியோசார்கள் குட்டி ஈன்றன. தாயின் உடற்கூட்டுக்குள் சிறிய எலும்புக்கூடுகள் இருப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கவனிக்கப்பட்டது. தன் இனத்தையே தின்றதன் எச்சமா, வயிற்றுக் கருவா என்று நெடுங்காலம் விவாதம் நடந்தது. ஸ்டெனோப்டெரிஜியஸின் கருவுற்ற தாய்கள் நூற்றுக்கும் மேல் கிடைத்த பிறகு ஐயத்துக்கு இடமில்லாமல் போயிற்று. 2014இல் ரியோசுகே மொட்டானியும் சீன ஆய்வாளர்களும், சீனாவின் ஆன்ஹுய் மாகாணத்தில் கிடைத்த, 24.8 கோடி ஆண்டுகள் பழைய சாவோஹூசாரஸ் ஒன்றை வெளியிட்டனர். அதில் ஒரு குட்டி தாயின் வயிற்றுக்குள்ளும், ஒன்று தலை முன்னே வர இடுப்பு வழியே வெளிவரும் நிலையிலும், மற்றொன்று வெளியேயும் இருக்கின்றன. தலை முதலில் வருவது நிலத்து விலங்குகளின் வழக்கம், நீரில் பிறக்கும் குட்டி மூச்சுத் திணறாதிருக்க வால் முதலில் வரும் என்று கருதப்பட்டதால், குட்டி ஈனும் பண்பே நிலத்தில் தோன்றிவிட்டது என்று அவர்கள் வாதிட்டனர். குட்டி எந்தப் பக்கம் முதலில் வருகிறது என்பதற்கும் மூச்சுத் திணறலுக்கும் உள்ள தொடர்பை அண்மைய ஆய்வுகள் கேள்விக்கு உட்படுத்தியிருப்பதால், அந்த முடிவை இறுதியானதாகக் கொள்ளாமல் இருப்பதே நல்லது. தொடக்கக் காலத்திலேயே குட்டி ஈன்றன என்ற உண்மைக்கு அதனால் எந்தக் குறையும் இல்லை.

நிலத்துக்கும் கடலுக்கும் இடைப்பட்ட வடிவம் உண்டா என்று கேட்டால், ஓரளவு உண்டு. அதே ஆன்ஹுயில் கிடைத்த கார்டோரிங்கஸ் சுமார் 40 செ.மீ. நீளமே உடையது, முகம் குட்டையானது, துடுப்பின் மணிக்கட்டுப் பகுதி குருத்தெலும்பு மிகுந்து வளைந்து கொடுக்கக்கூடியது. கடற்சிங்கம் போலத் துடுப்பை ஊன்றிக் கரையில் ஓரளவு நகர்ந்திருக்கலாம். இது இக்தியோசார்களின் நேர் மூதாதை அன்று, நெருங்கிய பக்கக்கிளை. முழுக்க நிலத்தில் நடந்த மூதாதை இன்னும் கிடைக்கவில்லை. அதைத் தேட வேண்டிய காலமும் பின்னோக்கி நகர்கிறது: 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் பெர்மியன் காலத்தின் முடிவில் கடல்வாழ் இனங்களில் பெரும்பகுதி அழிந்தது. அந்த அழிவுக்குச் சுமார் 20 லட்சம் ஆண்டுகளே பிந்திய, ஏற்கெனவே கடலுக்குத் தேர்ந்த இக்தியோசார் ஒன்றின் வால் முள்ளெலும்புகள் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவிலிருந்து 2023இல் விவரிக்கப்பட்டன. எனவே இந்தக் குலத்தின் வேர் அழிவுக்கு முன்பே தொடங்கியிருக்கக் கூடும்.

அழிவுக்குப் பிந்தைய கடலில் அவை பெருத்த வேகம் வியப்பூட்டுவது. அமெரிக்காவின் நெவாடாவில் கிடைத்து 2021இல் பெயரிடப்பட்ட சிம்போஸ்பாண்டிலஸ் யங்கோரம், 24.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே ஏறக்குறைய இரண்டு மீட்டர் மண்டையோடும் 17 மீட்டருக்கு மேற்பட்ட உடலும் பெற்றிருந்தது. திமிங்கிலங்கள் தம் பேருருவத்தை அடையத் தம் வரலாற்றின் பெரும்பகுதியைச் செலவிட்டன. இக்தியோசார்களுக்குச் சில பத்து லட்சம் ஆண்டுகளே போதுமாயிருந்தன. டிரையாசிக்கின் பிற்பகுதியில், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் எலிசபெத் நிக்கல்ஸ் தோண்டியெடுத்த விலங்கு 21 மீட்டர் நீளமுடையது. 2024இல் இங்கிலாந்திலிருந்து பெயரிடப்பட்ட இக்தியோடைட்டன் 25 மீட்டரை எட்டியிருக்கலாம் என்று கணிக்கப்படுகிறது. ஆனால் அது இரண்டு மீட்டருக்கு மேல் நீண்ட தாடையெலும்பை மட்டுமே கொண்டு செய்த கணிப்பு. அந்த எலும்பின் அளவு மெய்யானது. உடலின் அளவைச் சொல்லும்போது "இருக்கலாம்" என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது.

பற்களைக் கொண்டு உணவைக் கணிப்பதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். சீனாவில் கிடைத்த சுமார் ஐந்து மீட்டர் நீளமுள்ள குய்சோவிக்தியோசாரஸின் பற்கள் மழுங்கியவை. கணவாய்களைப் பிடித்து விழுங்கியிருக்கும் என்றே எவரும் சொல்லியிருப்பார்கள். 2020இல் வெளியான ஆய்வு அதன் வயிற்றுக்குள் ஏறக்குறைய நான்கு மீட்டர் நீளமுள்ள தலாட்டோசார் என்ற வேறொரு கடல் ஊர்வன ஒன்றின் நடுவுடலைக் காட்டியது.

பிளீசியோசார்கள் கடலை வேறு வழியில் வென்றன. நோத்தோசார்கள் போன்ற, இன்னும் விரல்களும் கால்களும் தெரியும் டிரையாசிக் உறவினர்களை அடுத்து வந்த இவை, வாலைக் கைவிட்டு நான்கு துடுப்புகளையும் இறக்கைகளாக்கி நீருக்குள் பறந்தன. நான்கு சம இறக்கைகளால் நீந்தும் விலங்கு இன்று உலகில் இல்லை என்பதால், அவை எந்த ஒழுங்கில் அசைந்தன என்பது இன்றும் ஆய்வுப் பொருள். எலாஸ்மோசாரஸின் கழுத்தில் 72 முள்ளெலும்புகள் உண்டு. கழுத்து அவ்வளவு நீண்டிருக்கும் என்று எண்ணாத எட்வர்ட் டிரிங்கர் கோப், 1860களின் இறுதியில் அதை விவரித்தபோது தலையை வாலின் நுனியில் வைத்துவிட்டார்; ஜோசப் லைடி அந்தத் தவற்றைச் சுட்டிக்காட்டினார். பாலிகோட்டிலஸ் என்ற பிளீசியோசாரின் வயிற்றில் ஒற்றைப் பெரிய கரு இருந்ததை 2011ஆம் ஆண்டின் ஆய்வு காட்டியது. இக்தியோசார்கள் ஒரே ஈற்றில் பல குட்டிகளை ஈன்றிருக்க, இவை ஒரே குட்டியில் முழு ஊட்டத்தையும் செலுத்தின.

மோசசார்களின் கதை நெதர்லாந்தின் மாஸ்டிரிக்ட் நகர் அருகே, சுண்ணக்கல் சுரங்கங்களில் தொடங்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே கிடைத்த பெரிய தாடைகளைத் திமிங்கிலம் என்றும் முதலை என்றும் கருதினார்கள். அட்ரியான் காம்பர் அதை மாபெரும் பல்லி என்று கண்டறிந்தார். ஜார்ஜ் குவியே அதை உறுதிப்படுத்தினார். அண்ணத்தில் இருந்த கூடுதல் பல்வரிசையும், கீழ்த்தாடையின் நடுவே இருந்த மூட்டும் பாம்பு, உடும்பு ஆகியவற்றின் குலத்தை நினைவூட்டுகின்றன. நெடுங்காலம் இவற்றை நீண்ட வால் உடைய நீர்ப்பாம்பு போலவே வரைந்தார்கள். ஜோர்டானில் கிடைத்து 2013இல் வெளியான புரோக்னதோடான், மோசசாருக்கும் இருமடல் வால் இருந்ததையும், முதுகெலும்பு அதன் கீழ்மடலுக்குள் இறங்கியதையும் தோலின் அச்சோடு காட்டியது. முதலைகளின் குலத்திலிருந்து கடலுக்குச் சென்ற மெட்ரியோரிங்கிட்களிலும் இதே கீழ்மடிப்பு உண்டு. மூன்று வெவ்வேறு குலங்கள், மூன்று வெவ்வேறு காலங்களில் ஒரே வாலை அடைந்திருக்கின்றன.

இக்தியோசார்களை அழித்தது எது என்ற கேள்விக்கு, டைனோசார்களை முடித்த விண்கல் என்பது தவறான விடை. அவை அதற்கு ஏறக்குறைய 2.8 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, கிரெட்டேசியஸின் நடுப்பகுதியில், சுமார் 9.4 கோடி ஆண்டுகளுக்கு முன் மறைந்துவிட்டன. மோசசார்களோடு போட்டியிட முடியாமல் அழிந்தன என்ற பழைய விளக்கத்துக்குக் கால வரிசை துணை நிற்கவில்லை. மோசசார்கள் பெருத்தது இக்தியோசார்கள் போன பிறகுதான். 2016இல் வாலண்டின் ஃபிஷரின் குழு, அழிவு ஒரே அடியில் நிகழாமல் இரண்டு கட்டங்களாக நிகழ்ந்தது என்றும், அக்காலத்தின் நிலையற்ற தட்பவெப்பத்தோடு அது ஒத்துப்போகிறது என்றும் காட்டியது. வேகமான தட்பவெப்ப மாற்றம், கடலில் உயிர்க்காற்றுக் குறைவு, உணவுச் சங்கிலியின் குலைவு ஆகியவற்றின் நடுவே, பரிணாம வேகம் ஏற்கெனவே மந்தமாகியிருந்த ஒரு குலம் ஈடுகொடுக்க முடியாமல் போயிருக்க வேண்டும் என்பதே இன்று எனக்கு வலுவாகத் தோன்றும் விளக்கம்.

பிளீசியோசார்களும் மோசசார்களும் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த பேரழிவில் மறைந்தன. அந்தக் கடல்களில் இவற்றோடு நீந்திய ஊர்வனவற்றுள் கடலாமைகள் அந்த அழிவைக் கடந்து வந்தன, இக்தியோசார்கள் 24.8 கோடி ஆண்டுகளுக்கு முன்பே கைவிட்டுவிட்ட கரைப்பயணத்தை, முட்டையிடுவதற்காக அவை இன்றும் மேற்கொள்கின்றன.